நிலாவில் ஒன்றரை நிமிடம்

என் டைப்ரைட்டரில் மணி அடிக்கக் கூடாது என்று சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். வரி முடியப் போகிறது என்றால் மெஷினில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும், பார்த்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் வார்த்தை பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும். “அதெல்லாம் எடுக்க முடியாது சார், மெஷின் கெட்டுப் போவும்” என்றேன். மறுநாள் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இத மணிக்குள்ள அடைச்சிடுங்கமா. நான் இருக்கும்போது மட்டும்.”

இன்னா மனுஷன்டா சாமி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அடைத்தேன். எடுத்து எடுத்து வைக்க யாருக்குப் பொறுமை? அந்தப் பஞ்சு ஒன்பது வருடம் அங்கேயே இருந்தது.

அவர் கதை எழுதுகிறவர். அதிலும் ராக்கெட், நிலா, செவ்வாய் என்று விஞ்ஞானக் கதை மட்டும்தான். தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டலில், எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க அவருக்கு ராக்கெட்டார் என்று பெயர். சம்பளத்துக்குச் செய்த வேலை வைண்டிங் டிரைவர். சுரங்கத்தில் ஆட்கள் ஏறி இறங்குகிற கூண்டை நாங்கள் கேஜ் என்போம். அந்தக் கேஜைத் தூக்குகிற, இறக்குகிற இன்ஜினை ஓட்டுகிறவர். கேஜ் இறங்குகிற குழியான ஷாஃப்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருப்பார். எதிரில் ஒரு வட்டம், அதில் ஒரு முள். கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அது காட்டும். பக்கத்தில் ஒரு பெல். கீழே இருக்கிறவன் கயிற்றை இழுத்தால் மேலே இவரிடம் அடிக்கும். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறியாச்சு, தூக்கு. அவ்வளவுதான் பேச்சு. டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது என்று வாசலிலேயே போர்டு மாட்டியிருக்கும். மேலே வந்த கேஜின் கதவைக்கூட அவர் திறக்க மாட்டார். அதற்கு ஷாஃப்ட் வாயில் வேறு ஆள் நிற்பான். இருபத்தைந்து வருடம் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றி இறக்கியவருக்கு ஒருத்தன் முகமும் தெரியாது.

“என் பெல்லுல எல்லாருக்கும் ஒரே குரல்தாம்மா” என்பார்.

என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு அந்த இன்ஜினில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

பூமிக்கடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீடு குலுங்கும், அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும். சின்னதாக வந்தால் பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். பெரியதாக வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவோம். அன்றைக்கு நானும் ஓடினேன். நான்கு பேரை எடுத்தார்கள். நான்கு பேரும் கேஜுக்குப் பக்கத்தில்தான் கிடந்தார்கள் என்று சொன்னார்கள். கேஜ் அந்த லெவலிலேயேதான் நின்றிருந்தது. அப்படியென்றால் பெல் கயிறும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அவர்கள் அடித்தார்களா? அடித்திருந்தால் ஏன் தூக்கவில்லை? விசாரணையில் டிரைவர் சொன்னதெல்லாம் ஆபீஸில் காகிதமாக இருந்தது. போய்க் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள். ஆபீஸ் வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

வருடம் திரும்பியதும் முன்னறையில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்தேன். இங்கிலீஷ் மெஷின் மூன்று, தமிழ் மெஷின் ஒன்று. ஒருநாள் மூன்று மணிக்கு, காலை ஷிஃப்ட் முடிந்து, கையெழுத்துக் கட்டோடு அவர் வந்து நின்றார். நானாகப் போயிருந்தால் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்திருக்காது. வாசலில் வந்து நிற்கிறவரை என்ன செய்வது? “அன்னிக்கி டூட்டியில நீங்கதானே?” என்றேன். ஆமாம் என்றார். அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது.

அவரே சொன்னார். “கேட்டா சொல்லிடுவேம்மா. நல்லா யோசிச்சிக் கேளுங்க.”

நான் கேட்கவில்லை. எத்தனை பக்கம் சார் என்று கேட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்றால் அவரைப் பற்றி லைனில் எல்லோருக்கும் தெரியும். இதமாக ஒரு வார்த்தை அந்த வாயில் வராது. பக்கத்து வீட்டு மேரி அக்காவின் புருஷனுக்குச் சுரங்கத் தூசியில் நெஞ்சு போய்விட்டிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது அக்கா இவரிடம், “நாலு புக்கு படிக்கிறவரு, சொல்லுங்கண்ணா, என் வூட்டுக்காரருக்கு சரியாயிடும்ல?” என்று கேட்டுத் தொலைத்தது. “ஆவாதுமா” என்றார். அவ்வளவுதான். ஒரு ‘பார்க்கலாம்’ கிடையாது, ‘கடவுள் இருக்கிறார்’ கிடையாது. அன்றையிலிருந்து அவர் வந்தால் குழாயடியில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். அவரும் எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் வருகிற மெலிந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவார்.

அவர் மனைவிகூட அப்படித்தான் போனார். இன்ஜினில் உட்கார்ந்திருக்கும்போது என் ஞாபகம் வருமா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார் பாவம். “வராது. அங்க கேஜ் ரோப் ஞாபகம் மட்டும்தான் வரணும்” என்று பதில். கொஞ்ச நாளில் அந்த அம்மா பூதிகோட்டையில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு ஒரு மூட்டை ராகி மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும். இதையும் அவரேதான் என்னிடம் சொன்னார், ஏதோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி.

“வராதுன்னா பொய்யாச்சும் வரும்னு சொல்றதுதானே சார்?” என்று பிடித்துக்கொண்டேன்.

“பொய் சொல்றதுக்கு எலெக்‌ஷன் இருக்குதுமா.”

சிரிக்கவே மாட்டார் இதைச் சொல்லும்போது. நான்தான் சிரித்துத் தொலைப்பேன்.

எங்கள் லைன் பையன்களின் மன்ற ஆண்டு விழாவில் அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டது பெரிய கூத்து. பையன்கள் அவரைக் கௌரவப்படுத்துகிறோம் என்று, அட்டையில் ராக்கெட் செய்து நாடகம் போட்டார்கள். பின்னால் ஒருத்தன் தகர டின்னைத் தட்டி, ஆகாயத்தில் ராக்கெட் வெடிக்கிற சத்தம் கொடுத்தான். மாலையோடு எழுந்தார் மனிதர். “அங்க காத்து கெடையாது. சத்தம் கேக்காது. டின்னை வையி” என்றார். நாடகம் அதோடு நின்றது. சத்தமில்லாமல் வெடிக்கிற ராக்கெட்டை எவன் பார்ப்பான்? கூட்டம் கலைந்து டீக்கடைக்குப் போனது. அவர் மட்டும் மேடையில் உட்கார்ந்து, அட்டை ராக்கெட்டின் வால் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அந்த டின் அடித்த பையனுக்குப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

சென்னையில் ஒரு பத்திரிகைக்காரர் கதையைத் திருப்பி அனுப்பி, நிலவொளியில் ஒரு காதல் காட்சி சேர்க்கச் சொன்னார். இவர் பதில் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன்: ‘கதை நடப்பது நிலாவில். நிலாவில் நிலவொளி கிடையாது. வேண்டுமானால் பூமியொளி தருகிறேன்.’ பத்திரிகைக்காரர் அதற்குப் பிறகு கடிதம் போடவில்லை. ஒன்பது வருடத்தில் அச்சில் வந்தவை நான்கு கதைகள்தான். இருந்தாலும் எழுதுவார், நான் அடிப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, அடிக்க அடிக்க எனக்கே அந்தக் கதைகள் பிடித்துப்போயின. அவர் கதைகளில் கெட்டவன் யாரும் இருக்க மாட்டான். “கெட்டவன் இன்னாத்துக்கு? தூரம் இருக்குது, நேரம் இருக்குது, ரெண்டு போதும்” என்பார். மேலே போகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊர் ஆட்கள் மாதிரியே நடந்துகொள்வார்கள். சாப்பாட்டு டப்பாவை முதலில் பத்திரப்படுத்துவார்கள். “நமக்கு ஆகாசம் ஒண்ணும் புதுசு இல்லமா. மேல போனாலும் கீழ போனாலும் காத்தைக் கையோட எடுத்துனு போவணும்.” தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுவார். “ஊகம் பண்ணலாம். ஊகம்னு எழுதி வெச்சிட்டுப் பண்ணணும்.” ஒரு எண்ணை நான் தப்பாக அடித்துவிட்டால் பக்கம் முழுவதையும் கிழித்துப் போடுவார். கிழிபடாமல் இருக்கவே கணக்கைக் கற்றுக்கொண்டேன். கடைசியில் அவர் கையெழுத்தில் ஒரு சைபர் விட்டுப் போனால்கூட எனக்குக் கண்ணில் குத்தும்.

ஒருமுறை ஒரு கதையில், நிலாவில் ஒரு பெண் அழுகிறாள். அங்கே எடை ஆறில் ஒரு பங்குதானே, கண்ணீர் எப்படி விழும் என்று கேட்டேன். “மெதுவாத்தான் விழும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா விழும்மா” என்றார். நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் மற்ற கதைகள். அந்த ஒரு கதைதான் முடியவே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை கொண்டுவருவார். நிலாவில் ஒரு சுரங்கம், பத்து கிலோமீட்டர் ஆழம். அடியில் ஒருத்தன் மாட்டிக்கொள்கிறான், அவன் காற்றுக் குடுவை உடைந்துவிட்டது. ஒன்றரை நிமிடத்துக்குத்தான் காற்று. மேலே ஒரு டிரைவர், லீவர்மேல் கை. நிலாவில் கேஜை வேகமாக இழுத்துவிடலாமே என்று தோன்றும். இழுக்கலாம், நிறுத்த முடியாது. சட்டென்று பிரேக் போட்டால் கேஜ் நிற்கும், உள்ளே இருக்கிறவன் நிற்காமல் மேலே போய்க் கூரையில் மண்டையை மோதுவான். என்ன செய்தாலும் இரண்டரை நிமிடம் ஆகும். டிரைவரின் கை லீவர்மேல் இருக்கும், அந்த இடத்தில் கதை நின்றுவிடும். அடித்த பக்கங்களைப் படித்துப் பார்த்து, “ஒத்து வரல” என்று கிழித்துவிட்டுப் போவார்.

எனக்குத் தெரியாதா என்ன, அடியில் இருக்கிறவன் யார் என்று? நானும் தெரியாத மாதிரி, அவரும் தெரியாத மாதிரி. ஒருநாள் பொறுக்க முடியாமல், “ஆழத்தைக் கொஞ்சம் கொறைச்சிடுங்க சார். உங்க கதைதானே?” என்றேன்.

“கொறைச்சா அது வேற ஷாஃப்டுமா.”

“இல்ல, காத்தையாவது கூட்டுங்க.”

“குடுவையில அவ்ளோதான் பிடிக்கும்.”

எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? என் கையில் கொடுத்திருந்தால் ஒரே வரியில் அவனை மேலே ஏற்றிவிட்டிருப்பேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். ஷிஃப்ட் சங்கு நின்றுபோனதில் லைனில் யாருக்கும் நேரம் தெரியவில்லை. மத்தியானச் சோற்றைப் பதினொரு மணிக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் வந்தார். அப்போதும் மூன்று மணிக்குத்தான். காற்று எழும்பி, தங்கம் எடுத்த கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண்ணை வீட்டுக்குள் வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரம். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து ஏழு பக்கம் கொடுத்தார். அதே நிலாக் கதை. நான் அடிக்க ஆரம்பித்தேன். நான்காவது பக்கத்தில், ஒன்பது வருடத்தில் இல்லாத ஒரு வரி இருந்தது.

‘கீழே இருந்து மணி இரண்டு முறை அடித்தது.’

என் விரல் நின்றுவிட்டது. இனி என்ன யோசிப்பது? கேட்டுவிட்டேன்.

“அடிச்சாங்களா சார்?”

“ரெண்டு அடிச்சாங்க. மூணாவது வரல.”

“அதான் அடிச்சாங்களே! ஏன் தூக்கல?”

“ரெண்டுன்னா எறக்குன்னு அர்த்தம்மா. மூணு வந்தாத்தான் தூக்கணும். வெளங்காத மணிக்கு கேஜ் நகரக் கூடாதுன்னு ரூல். ஒருத்தன் ஒரு கால உள்ள வெச்சி ஒரு கால வெளிய வெச்சிருந்தா? திரும்ப அடிப்பாங்கன்னு காத்துனு இருந்தேன். பதினோரு நிமிஷம். அதுக்குள்ள ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது.”

“ஏர் பிளாஸ்ட் ஆன ஷாஃப்டுல எவனாவது எறக்குன்னு அடிப்பானா? அது மூணுல பாதின்னு தெரியலையா உங்களுக்கு?”

“தெரிஞ்சிது. ஊகம்தானேன்னு விட்டுட்டேன்.”

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஒன்பது வருடத்தில் யாரிடமும் கத்தாததையெல்லாம் அவரிடம் கத்தினேன். மேரி அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னாமா ஆச்சு என்று கேட்டது. அவர் தலையைக் குனியவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

கடைசியில் மூச்சு வாங்கியபடி கேட்டேன். “அடிச்சது அவருதானா?”

“தெரியாதும்மா. நாலு பேர் இருந்தாங்க.”

“தூக்கியிருந்தா பொழைச்சிருப்பாங்களா?”

“மாட்டாங்க. எத்தினியோ தடவ கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். அந்தக் காத்துல மேல வர்ற வரைக்கும் தாங்காது.” அப்புறம், “ஆனாலும் தூக்கியிருக்கணும்மா” என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சப் பக்கங்களைப் படித்தேன். கதையில் டிரைவர் மூன்றாவது மணிக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு அடித்த உடனே லீவரை இழுத்துவிடுகிறான். கேஜ் பத்து கிலோமீட்டரைக் கடந்து மேலே வருகிறது. உள்ளே இருக்கிறவன் உயிரோடு நிற்கிறான். ஒன்றரை நிமிடம் என்று எழுதியிருந்தது.

ஒரு சைபருக்காகப் பக்கம் பக்கமாகக் கிழித்த மனிதர். நான் இரண்டு முறை படித்தேன்.

“கணக்கு தப்பா இருக்குது சார். ரெண்டரை ஆவணும்.”

“தெரியும்.”

“ஒண்ணரையில நிக்காது. கூரையில மோதுவாரு.”

“தெரியும்மா. அப்படியே அடிங்க.”

அந்தக் கதையை அவர் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. கார்பன் பிரதியும் வேண்டாம் என்றார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். பூதிகோட்டைக்குப் போனார் என்று சிலர், பெங்களூரில் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கிறார் என்று சிலர். எனக்குத் தெரியாது. ஊகம் பண்ண எனக்கு இஷ்டம் இல்லை. அந்த ஏழு பக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு ஆறு பக்கத்தை அழுதுகொண்டேதான் அடித்தேன். ஏழாவது பக்கத்தில் மூன்றே வரிகள். காகிதத்தைச் சுருட்டி ஏற்றினேன். பிறகு என்ன தோன்றியதோ, கொண்டை ஊசியை உருவி, மெஷின் மணிக்குள் இருந்த பஞ்சைக் குத்தி வெளியே எடுத்தேன். பழுப்பேறிப் போயிருந்தது. அவர் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் வரியை அடித்தேன். டிங். முழங்கால்மேல் இருந்த அவருடைய இடது கை, ஏதோ பிடியைப் பற்றுவதுபோல் மூடிக்கொண்டது.

இரண்டாவது வரி. டிங். அவர் மூச்சு விடும் சத்தம் நின்றுவிட்டது. என் விரலும் நகர மாட்டேன் என்றது. வெளியே காற்று கதவில் மண்ணை வீசிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ தெரியவில்லை. அப்புறம் மூன்றாவது வரியை எழுத்து எழுத்தாக அடித்தேன்.

டிங்.

கையைப் பின்னால் இழுத்தார். கண் எதிர்ச் சுவரிலேயே இருந்தது, அங்கே அந்த வட்டமும் முள்ளும் இருப்பதுபோல. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றேகால் ஆயிற்று. ஒன்றரை ஆனதும் கையை மெதுவாக முன்னால் தள்ளி, விரல்களை விட்டார்.

“மேல வந்தாச்சும்மா” என்றார்.

டிரைவர் கதவைத் திறக்கக் கூடாது. நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தேன்.